வெறும் கோப்பு

மல்லாவிச் சங்கத்துப் புது லப்டொப்புக்குப்
பழையது ஒன்றும் பிடிக்கவில்லை.
சீடி போட வாயே இல்லை அதற்கு;
வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்று
வவுனியாவில் வாங்கினேன், நாலாயிரத்து அறுநூறு.
பற்றுச்சீட்டு இன்னும் என் கைப்பையில்.

விசுவல் பேசிக் ஆறு.
செட்டப் ஓடியது, ஓடியது,
கடைசிப் படியில் நின்றது.

நின்றது என்றால் செத்ததும் இல்லை.
வவுனிக்குளத்துத் துருசில் மரக்கட்டை சிக்கினமாதிரி,
அந்தப் பக்கம் தண்ணி முட்டுது,
இந்தப் பக்கம் வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கு.

எக்ஸ்பி மாதிரி நடி என்றேன்.
நிர்வாகியாய் ஓடு என்றேன்.
வேண்டாத பகுதிகளின் சரி அடையாளத்தை
ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டேன்.
மூன்று தரம்.
நாலாம் தரம் கரண்ட் போனது.
கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடி முடியும்வரை
இருட்டுக்குள் இருந்தோம், நானும் அதுவும்.

நடேசமூர்த்தி ஐயா ரோச் வெளிச்சத்தோடு எட்டிப் பார்த்தார்.
"புதுசா ஒண்டு எழுதினா என்ன, பிள்ளை?"
எழுதலாம் ஐயா.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரின் நெற்கடன்
பழசுக்குள்ளதான் கிடக்கு.
எங்கெல்லாமோ போய், யார் யாரோ தூக்கி,
ஒரு பிஸ்கற் பேணிக்குள் திரும்பி வந்த சீடி அது.
திறக்கிற சாவி இந்த ஆறுதான்.

இரவு பன்னிரண்டரைக்குப் பிடிபட்டது.
செட்டப் ஒரு கோப்பைத் தேடுகிறது.
எம்எஸ்ஜாவா என்று பெயர்.
அதைச் செய்தவர்களே கைவிட்டு வருசக்கணக்கு.
கிடைக்காவிட்டால் பழசை இறக்கப் பார்த்து
அங்கேயே உறைந்துபோகிறது.
வைத்தியம் இவ்வளவுதான்:
வெறும் கோப்பு ஒன்று திற,
ஒன்றும் எழுதாதே,
அந்தப் பெயரை வைத்து விண்டோசுக்குள் போடு.

பூச்சியம் பைட்.
செட்டப் வந்தது, பெயரைப் பார்த்தது,
உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை,
தாண்டிப் போனது.

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.
பெயர் பதிவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு
அடுத்த ஆளைக் கூப்பிடுகிற கந்தோர்களில்
நானும் வரிசையில் நின்றிருக்கிறேன்.

நிரல் திறந்தது.
அங்கத்தவர் பட்டியல் முழுக்க
ஆங்கில எழுத்து, அர்த்தம் இல்லாமல்.
பாமினி எழுத்துரு போடும்வரை
ஒருவருக்கும் பெயரில்லை.
புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி.
வேறு நிரல்மொழிகளில் கட்டளை முடிகிற குறி அது.
இங்கே ஒரு மெய்யெழுத்தின் தலை.

நானூற்றுப் பதினேழைத் தொட்டேன்.
இரண்டாயிரத்து எட்டு, சிறுபோகம்,
விதைநெல் ஆறு மூடை, யூரியா இரண்டு.
வட்டி என்ற பொத்தானை அமத்தினேன்.
பிழை ஆறு: நிரம்பி வழிந்தது.

போய்ப் பார்த்தால், வட்டிக்குக் கொடுத்த பெட்டி சின்னன்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழுக்கு மேல்
அதற்கு எண்ணத் தெரியாது.
மேல் வரியில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு:
"இதைத் தொடாதே. ஏன் ஓடுதெண்டு எனக்கே தெரியாது.
சத்தியரூபி, கார்த்திகை 2004."

ரூபி என்பவள் யாரென்று எனக்குத் தெரியாது.
ஆனால் கணக்குத் தெரிந்தவள்.
அறுவடை முடிய எல்லாரும் வந்து கட்டுவார்கள் என்று
அளந்து செய்த பெட்டி அது.

பெட்டியைப் பெருப்பிக்க ஒரு சொல் மாற்றினால் போதும்.
அந்தச் சொல்லில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அம்புக்குறியால் பின்னுக்குப் போய்
வரியின் தொடக்கத்தில்
ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வைத்தேன்.
வரி பச்சையானது.
இனி அதை மெசின் வாசிக்காது,
நானூற்றுப் பதினேழுக்கு மட்டுமில்லை.

ரூபியின் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:
"தொட்டுவிட்டன். ஏனெண்டு எனக்குத் தெரியும்.
ப. யோகவதனி."

ஐயாவிடம் காலமை சொல்லவேணும்.
முதலில் பற்றுச்சீட்டைக் கொடுத்துக்
காசை வாங்கிக்கொண்டு.